கடைத்தொழிலும் கைத்திறனும்: பொறியும் நெகிழ்நேர வேலையும் பற்றிய ஓர் ஆராய்வு

முன்னுரை

விளைவிப்போன் ஓரிடத்தும் நுகர்வோன் மற்றோரிடத்துமாக வாழும் உலகில் இருவரையும் இணைத்து நிற்பது கடை. இதனை யட்டியாந்தோட்டை நன்கறியும். களனி கங்கைக் கரையில், அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் பெருந்தெருவில் அமைந்த இவ்வூர், சூழவுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களுக்குக் கடைவீதியாக விளங்கி வருவது. அகலங் குறைந்த இருப்புப்பாதை அவிசாவளை வழியாக இவ்வூர் வரை வந்திருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், அப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. பாதை போயிற்று, கடைவீதி போகவில்லை. வண்டி மாறிய காலத்தும், இறாத்தல் போய்க் கிலோகிராம் வந்த காலத்தும், கடையில் நிற்போர் தம் தொழிலை மூத்தவரிடமிருந்து இளையவர் கற்று வந்தனர்.

இன்று கடைத்தொழிலைத் தொடும் மாற்றங்கள் இரண்டு. ஒன்று பொறி, அஃதாவது கணினி, பட்டைக்கோடு, மின்தராசு, கைப்பேசி என்பன. மற்றொன்று நெகிழ்நேர வேலை. அஃதாவது நாள் முழுதும் ஒரே கடையில் நிற்றலை விடுத்துச் சில மணி நேரமோ, சில நாளோ, பண்டிகைக் காலத்து மட்டுமோ வேலை செய்தல். எம் மாணவருட் பலர் க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்தபின் முதன்முதலாகக் காலடி வைக்கும் தொழிற்களம் கடையே. அவிசாவளையானாலும் கொழும்புப் புறக்கோட்டையானாலும் அவர்கள் ஏறும் முதற்படி அதுவே. அப்படி மேலே செல்லும் ஏணியின் அடியா, அன்றி நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும் திண்ணையா என்பது அவர்கள் அங்கே எதைக் கற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆதலின் இவ்விரு மாற்றங்களும் கைத்திறனை எங்ஙனம் தாக்குகின்றன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கடையின் பழைய கல்வி

கடைத்தொழிலைத் தமிழர் இழிவாகக் கருதியவர் அல்லர். பகற்கடையை நாளங்காடி என்றும் இராக்கடையை அல்லங்காடி என்றும் பிரித்துப் பெயரிட்டு, மதுரையின் கடைவீதிகளை விரித்துரைப்பது மதுரைக்காஞ்சி. கொள்ளும்போது கூட்டி எடுக்காமலும் கொடுக்கும்போது குறைத்து அளக்காமலும் வாழ்ந்த வணிகரைக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. வள்ளுவரோ வாணிகம் பற்றிய தம் குறளைப் பொருள் தேடும் அதிகாரத்தில் வையாது, நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். கடையில் நிற்போனுக்கு முதலில் வேண்டுவது நேர்மை என்பது அவர் கருத்துப் போலும்.

நேர்மைக்குத் துணை நின்றது கணக்கு. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. அரைக்கால் என்பது 8இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் எண்சுவடி வாயிலாகத் திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்த பிள்ளை, கடையில் ஏறியதும் எழுதுகோலின்றியே விலை கூறினான். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் இத்தகைய வாழ்க்கைக் கணக்குகளுக்கே எழுந்த நூலாகும்.

எம் நாட்டுக் கடைகளில் இக்கல்வி படிப்படியாக நடைபெற்றது. புதிதாக வந்தவன் முதலிற் கடை கூட்டுவான், சாக்கு அடுக்குவான், தாளைச் சுருட்டிச் சீனியும் பருப்பும் பொதிந்து நூல் கட்டுவான். கை பழகிய பின் தராசு அவனிடம் வரும். பின்னர் பற்றுக் கொப்பி எழுதுவான். அதன்பின் நாளேடு, பேரேடு என்பவற்றைக் கற்பான். இறுதியிற் புறக்கோட்டைக்குச் சென்று சரக்குக் கொள்வனவு செய்யும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்படும். இந்நிலையை எய்தியவன் தனக்கெனக் கடை வைக்கவும் வல்லவனானான்.

இவ்வாறு கற்றவற்றை நால்வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கணக்கறிவு. இரண்டு, அளவறிவு. மூன்று, பண்டவறிவு, நாட்டரிசியையும் சம்பாவையும் கையாற் கண்டறிதல், தேங்காயெண்ணெயின் பழுதை மணத்தால் அறிதல், கருவாட்டின் ஈரத்தை விரலால் உணர்தல் போல்வன. நான்கு, ஆளறிவு; வருபவர் என்ன வேண்டி வந்தார், எதனைச் சொல்லக் கூசுகிறார், எவர்க்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பவற்றை உணர்தல். மாதச் சம்பளம் வரும்வரை பற்றெழுதி வாழ்ந்த தோட்டக் குடும்பங்களோடு பழகிய கடைக்காரருக்கு இந்நான்காவது அறிவே முதலாயிற்று.

ஆயினும் பழமை யாவும் பொன்னன்று. விடியலில் ஏறி இரவு வரை நிற்றலும், கடைக்குள்ளேயே உறங்குதலும், ஊதியமென ஒன்றைக் கண்ணிற் காணாமையும் அக்கல்விக்குக் கொடுத்த விலைகளாம். எழுத்தறியாத் தொழிலாளி, கொப்பியில் என்ன எழுதப்பட்டதென்று அறியாமலே கடனாளியானதும் உண்டு. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதிற் கடை கூட்டிய சிறுவர் எத்தனை பேர்! அந்நிலை மீளவேண்டும் என்பது எம் கருத்தன்று. அந்நாளிற் கிடைத்த கல்வியை இந்நாளின் நீதியோடு சேர்த்துப் பெறுவது எங்ஙனம் என்பதே எம் வினா.

பொறி வந்த வரலாறு

கடைக்குட் புகுந்த முதற்பொறி கணக்குப் போடுவதற்காக வந்ததன்று, கண்காணிப்பதற்காக வந்தது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் மதுச்சாலை நடாத்திய ஜேம்ஸ் ரிற்றி என்பார், தம் ஊழியர் காசை எடுத்துவிடுகின்றனர் எனக் கவன்று, ஒவ்வொரு விற்பனையையும் பதியும் காசுப் பொறியை அமைத்தார். இக்கால அங்காடிப் பொறிகளும் விற்பவரின் வேகத்தை எண்ணிக்கொண்டே இருக்கின்றன என்பதை நோக்குமிடத்து, பொறியின் அப்பழங்குணம் இன்னும் போகவில்லை எனலாம்.

அடுத்த மாற்றம் 1916ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பார் திறந்த கடையில், வாங்குவோர் தாமே தட்டுகளிடையே நடந்து பண்டத்தை எடுத்துக்கொண்டனர். அதுகாறும் எடுத்துக் கொடுப்பவனாயிருந்த கடையாள், அடுக்கி வைப்பவனும் காசு வாங்குபவனுமாகப் பிரிந்தான். ஒரு தொழில் இரு துண்டாயிற்று. இம்முறை எம் நாட்டில் வேரூன்றியது, 1983ஆம் ஆண்டில் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பிலே தன் முதலாவது புட் சிற்றி அங்காடியைத் திறந்தது முதலாகும்.

மூன்றாவது மாற்றம் பட்டைக்கோடு. நோர்மன் ஜோசப் வுட்லண்ட் என்பார், தந்திக்குரிய மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் கடற்கரை மணலில் வரைந்து, அவற்றைக் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்தபோது இக்கருத்து உதித்தது என்பர். அவரும் பேர்ணாட் சில்வர் என்பாரும் 1952இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். எனினும் கடைப்பொறி ஒன்று பட்டைக்கோட்டை முதன்முதலாகப் படித்தது 1974 யூன் 26ஆம் நாள், ஒகாயோவின் ட்ரோய் நகரத்து அங்காடி ஒன்றிலாகும். அன்று படிக்கப்பட்ட பண்டம் ஒரு பொதி சூயிங்கம்! கைப்பேசிகள் படிக்கும் சதுரக் குறியான கியூ.ஆர். குறி 1994இல் யப்பானிற் பிறந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது, அச்சதுரத்தைக் கையிற் பிடித்தவாறே எம் நாட்டு மக்கள் வரிசையில் நின்றமையை எவரும் மறந்திரார்.

பட்டைக்கோட்டின் உள்ளே

பொறியைக் கண்டு அஞ்சுவதும் அதனை வழிபடுவதும் அறியாமையின் இரு முகங்கள். அதன் உட்பொருளை அறிந்துவிட்டால் இரண்டும் ஒழியும். ஆதலின் மாணவர் பொருட்டு அக்கணக்கை ஈண்டு விளக்குகின்றோம்.

வீட்டிலுள்ள ஏதேனுமொரு பொதியை எடுத்துப் பார்த்தாற் கோடுகளின் கீழ் 13 இலக்கங்கள் காணப்படும். முதல் மூன்றும் 479 ஆயின், அவ்வெண் இலங்கையில் வழங்கப்பட்டதென்று பொருள். 890 ஆயின் இந்தியாவில் வழங்கப்பட்டது. பண்டம் அந்நாட்டிலேயே விளைந்தது என்பது இதனாற் பெறப்படாது. எண் வாங்கிய இடமே பெறப்படும். இறுதியில் நிற்கும் பதின்மூன்றாம் இலக்கம் காவல் இலக்கம். ஏனைய பன்னிரண்டும் பிழையின்றிப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதே அதன் தொழில்.

சோதிக்கும் முறை வருமாறு. 479123456789 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இடப்பக்கமிருந்து ஒற்றை இடங்களில் நிற்பவை 4, 9, 2, 4, 6, 8. இவற்றின் கூட்டுத்தொகை 33. இரட்டை இடங்களில் நிற்பவை 7, 1, 3, 5, 7, 9; இவற்றின் கூட்டுத்தொகை 32. இரண்டாவதை மூன்றாற் பெருக்க 96 ஆகும். 33ஐயும் 96ஐயும் கூட்ட 129. இதனை அடுத்துவரும் பத்தின் மடங்கு 130 ஆதலின், அவ்வெண்ணை எய்துவதற்கு வேண்டிய 1 என்பதே காவல் இலக்கம். முழு எண் 4791234567891 ஆகும்.

இனி, விசையிற் பதிவோன் 2ஐயும் 3ஐயும் இடமாற்றிப் பதிந்துவிட்டான் என்க. இப்போது ஒற்றை இடங்கள் 34, இரட்டை இடங்கள் 31. மும்மடங்கு 93, மொத்தம் 127, வேண்டிய காவல் இலக்கம் 3. எழுதப்பட்டிருப்பதோ 1. உடனே பொறி மறுக்கின்றது. ஆயின் அடுத்தடுத்து நிற்கும் இரு இலக்கங்களின் வேறுபாடு சரியாக 5 ஆயிருந்து, 2உம் 7உம் போல, அவை இடம் மாறினால், கூட்டுத்தொகையிற் சரியாகப் பத்து வேறுபடும், காவல் இலக்கம் மாறாது, பொறி ஏமாறும். மாணவர் இதனைத் தாமே செய்து காண்க.

இதனினும் பெரிய உண்மை ஒன்றுண்டு. பொதியின்மேல் அச்சிட்ட இந்தக் கோட்டில் விலை இல்லை! எண் மட்டுமே உண்டு. விலை கடையின் கணினியிற் கிடக்கின்றது. தட்டிலே ஒட்டிய சீட்டில் ஒரு விலையும் கணினியில் வேறு விலையும் இருந்தால், பொறி சிறிதும் தயங்காமல், நாள் முழுதும், வருவோர் அனைவரிடமும் அதே பிழையைச் செய்யும். மனிதன் ஒருமுறை தவறுவான். பொறியோ தவற்றையும் ஒழுங்காகச் செய்யும். 2022இற் போல விலைகள் விரைந்து மாறும் காலத்தில் இவ்வாபத்து பெரிது. அதைத் தடுக்க வல்லது, "இப்பண்டத்துக்கு இவ்விலை இராதே" என ஐயுறும் மனிதக் கண் ஒன்றே.

பொறி எடுத்ததும் கொடுத்ததும்

மேற்கூறிய நால்வகை அறிவினுள் கணக்கறிவையும் அளவறிவையும் பொறி பெரும்பாலும் எடுத்துக்கொண்டது என்பது வெள்ளிடைமலை. இதனால் நன்மையும் விளைந்தது. அச்சிட்ட பற்றுச்சீட்டு, எழுத்தறியாதவருக்கும் பிறரிடம் காட்டிச் சரிபார்க்கும் சான்றாயிற்று. கணக்கில் வல்லவரல்லாதாரும் காசாளராக முடிந்தது. அதனால் முன்பு கடைப்பக்கம் வாராத பெண்கள் பலர் அத்தொழிலில் இடம்பெற்றனர்.

பொறி புதிய திறன்களையும் கேட்கின்றது. கைப்பேசி வழியாகக் காசு செலுத்தினேன் என்று ஒருவர் திரையைக் காட்டினால், அப்படத்தை நம்பாது, கடைக் கணக்கிற் பணம் வந்து சேர்ந்த செய்தியைப் பார்த்தே பண்டத்தைக் கொடுத்தல் ஒரு திறன். இருப்புப் பட்டியலிற் பத்துப் பொதி என்றும் தட்டில் ஏழு பொதி என்றும் இருந்தால் மூன்றும் எங்கே போயின எனத் தேடுதல் ஒரு திறன். மின்வெட்டின்போது கடையை மூடாமற் கையாற் சிட்டை எழுதி, பின்னர் கணினியிற் சேர்த்தல் மற்றொன்று. இவை யாவும் பழைய நால்வகை அறிவின் மேலேயே நிற்பவை. அடித்தளம் இல்லாதவனுக்கு இவை வெறும் பொத்தான்களாகவே தோன்றும்.

பண்டவறிவையும் ஆளறிவையும் பொறி எடுத்ததா எனின், முழுதும் எடுக்கவில்லை. வட இங்கிலாந்தில் பூத்ஸ் என்னும் பழைய அங்காடி நிறுவனம், வாங்குவோர் தாமே கணக்கு முடிக்கும் பொறிகளை இரண்டு கடைகள் தவிர ஏனையவற்றிலிருந்து நீக்குவதாக 2023ஆம் ஆண்டு அறிவித்தது. அங்கு வருவோர் மனிதர் முகத்தையும் மனிதர் அறிவையும் விரும்பினர் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே பொறி ஒன்றினாலேயே கைத்திறன் அழிந்தது என்று கூறுதல் பொருந்தாது. பண்டவறிவும் ஆளறிவும் குன்றுவதற்கு வேறொரு காரணம் தேடவேண்டும்.

கூட்டமற்ற வேளையே பள்ளிக்கூடம்

அக்காரணத்தை நெகிழ்நேர வேலை விளக்குகின்றது என்பது எம் துணிபு.

கடையில் ஒரு நாள் ஒரே தன்மைத்தன்று. காலையிற் கூட்டம், நண்பகலில் ஓய்வு, மாலையில் மீண்டும் கூட்டம். கூட்ட வேளையிற் கை மட்டும் வேலை செய்யும்; கற்பிக்க எவருக்கும் நேரமில்லை. ஓய்வு வேளையிலே தான் மூத்தவர் இளையவனை அழைத்து, "இந்த மிளகாயின் நிறத்தைப் பார்; இது பழஞ்சரக்கு" என்பார்; பேரேட்டைத் திறந்து காட்டுவார்; காலையில் வந்தவர் ஏன் கோபித்துப் போனார் என்று விளக்குவார். முதலாளியின் கணக்கில் அவ்வேளை வீண். கற்பவனின் கணக்கில் அதுவே வகுப்பு.

இப்போது கணினி என்ன செய்கின்றது? ஒவ்வொரு மணியிலும் எத்தனை பற்றுச்சீட்டு வெளிப்பட்டது என்று எண்ணி, வரும் வாரத்தில் எந்த மணிக்கு எத்தனை கைகள் வேண்டுமென முன்கூட்டியே கணிக்கின்றது. அதன்படி நேரசூசி வகுக்கப்படுகின்றது. கூட்ட வேளைக்கு நான்கு மணி நேர ஆட்கள் அழைக்கப்படுகின்றனர். கூட்டம் கலைந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்கள் வேலையை அறிவர்; தொழிலை அறியார். பொறியும் துண்டுபட்ட நேரமும் தனித்தனியே வந்திருந்தால் இத்துணைக் கேடு விளையாது. இரண்டும் கைகோத்து வந்து, கற்பதற்கென இருந்த வேளையையே வெட்டி எறிந்தன.

வீடு தேடிப் பண்டம் கொண்டுசெல்வோர் நிலையும் இத்தகையதே. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அவர்கள் ஆற்றிய சேவை பெரிது. எந்நேரம் வேலை செய்வதென்பதை அவர்களே தெரிந்துகொள்ளலாம் என்பதும் உண்மையே. ஆயினும் வழியைக் கைப்பேசி சொல்கின்றது. பண்டத்தைக் கடை பொதிகின்றது. விலையைக் கணினி கணிக்கின்றது. பல்லாண்டு ஓடியும் அவர்கள் கையில் எஞ்சுவது ஓட்டத்தின் அனுபவம் மட்டுமே.

நெகிழ்வு யார் கையில்?

நெகிழ்நேரம் எம் மக்களுக்குப் புதிதன்று. தோட்டத்திலே நாட்கூலியைப் "பேர்" என்பர். பாதி நாளுக்கு "அரைப்பேர்" என்பர். வழக்கமான வேலைக்குப் புறம்பாக நிறைக்கேற்பக் காசு பெறும் வேலையைக் "கைக்காசு" என்பர். குழந்தை பெற்ற தாய்க்கு அரைநாள் வேலை உதவியாயிற்று. அதே அரைப்பேர், முழுநாள் வேலை செய்ய வந்தவருக்கு நிறை குறைந்ததென்று போடப்பட்டபோது தண்டனையாயிற்று. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. திறப்பு யார் கையில் இருக்கின்றது என்பதே வேறுபாடு.

கடையிலும் அவ்வாறே. உயர்தரம் படிக்கும் மாணவன் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து புத்தகம் வாங்குவானாயின் நெகிழ்நேரம் அவனுக்கு நண்பன். நாளை வேலை உண்டோ இல்லையோ என இன்றிரவு கைப்பேசியைப் பார்த்திருக்கும் இளைஞனுக்கோ அது பகைவன். அவன் மாலை வகுப்பிற் சேரவும் இயலாது. மூத்தவர் ஒருவரோடு பழகவும் இயலாது.

நேரத்தை நிலைப்படுத்தினால் முதலாளி நட்டப்படுவாரோ எனின், மறுதலையான சான்று உண்டு. அமெரிக்காவின் காப் என்னும் ஆடை நிறுவனத்தின் 28 கடைகளில், 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பேட், சரவணன் கேசவன் முதலியோர் அதனை நடாத்தினர். சில கடைகளில் வேலைநேரம் நிலைப்படுத்தப்பட்டது. ஏனையவை பழையபடி விடப்பட்டன. 2018இல் வெளிவந்த முடிபின்படி, நேரம் நிலைப்பட்ட கடைகளில் விற்பனை 7 வீதமும், உழைப்பின் பயன் 5 வீதமும் உயர்ந்தன. கற்றவன் நிலைத்து நின்றால் கடையும் நிலைக்கும் என்பதற்கு இஃதொரு சான்றாம்.

சட்டம் கூறுவது

கடையில் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தன் பாடப்புத்தகத்தைப் போல் அறிந்திருக்கவேண்டிய சட்டங்கள் சில உண்டு.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் வேலைநேர எல்லை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. வேலையின் விபரங்களை எழுத்திலே தருதல் தொழில்கொள்வோர் கடமை. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். மாத உழைப்பு 30,000 ரூபா எனக் கொண்டால், 2,400 ரூபா, 3,600 ரூபா, 900 ரூபா என மூன்றும் சேர்ந்து மாதந்தோறும் 6,900 ரூபா ஊழியர் பேரிற் சேரவேண்டும். பகுதிநேர ஊழியரும் தற்காலிக ஊழியரும் சேமலாப நிதிக்கு உரியவரே. "நீ நிரந்தரமில்லை, ஆகவே உனக்கு நிதியில்லை" என்று எவரேனும் கூறினால் அது சட்டமன்று.

வாங்குவோருக்கும் காவல் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விலையைக் காட்சிப்படுத்தலும், கேட்டாற் பற்றுச்சீட்டுத் தருதலும் வணிகர் கடமையாம். முறைப்பாட்டுக்கு 1977 என்னும் தொலைபேசி எண் உண்டு. கடையில் நிற்கும் எம் மாணவர் இதனையும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் பிழையான விலையை முதலிற் காணக்கூடியவர் அவரே.

பள்ளி செய்யத்தக்கன

பொறியைத் தடுத்தல் எமக்கு இயலாது, வேண்டுவதும் அன்று. வெட்டப்பட்ட கல்வி நேரத்தை வேறோரிடத்தில் ஈடுசெய்தல் இயலும். அதற்கு நாம் கருதும் வழிகள் ஐந்து.

முதலாவது, மனக்கணக்கு. ஒரு கிலோ பருப்பு 340 ரூபா எனில் 350 கிராமின் விலை என்ன? நூறு கிராம் 34, முந்நூறு கிராம் 102, ஐம்பது கிராம் 17, ஆக 119. தாளின்றி இதனைக் கூறும் மாணவன் பொறியின் எசமானன். கூறாதவன் அதன் ஏவலாள்.

இரண்டாவது, பற்றுச்சீட்டு வாசித்தல். வீட்டிலுள்ள பற்றுச்சீட்டுகளை வகுப்புக்குக் கொணர்ந்து, கூட்டிப் பார்த்து, கழிவைச் சோதித்து, காவல் இலக்கத்தைக் கணித்தல் சிறந்த பயிற்சியாகும்.

மூன்றாவது, மொழி. சப்பிரகமுவாவில் வாழும் தமிழ் மாணவருக்குச் சிங்களம் அயல்வீட்டு மொழி, ஆங்கிலம் சரக்குப் பெட்டியின் மொழி, தமிழ் தாய்மொழி. மூன்றிலும் வாங்குவோரை வரவேற்கவும் முறைப்பாட்டைக் கேட்டு எழுதவும் பயிற்றுவித்தல் வேண்டும். ஆளறிவின் வாயில் மொழியே. அதனைப் பொறி எளிதிற் பறிக்காது.

நான்காவது, பண்டவறிவு. அறிவியற் பாடத்தில் எண்ணெய் ஏன் சிக்குப் பிடிக்கின்றது, மா ஏன் வண்டு வைக்கின்றது, பழைய சரக்கை முன்னே வைத்து விற்பது ஏன் என்று கற்பித்தால், கடை ஓர் ஆய்வுகூடமாகும்.

ஐந்தாவது, சான்றிதழ். எம் நாட்டில் தேசிய தொழிற் தகைமை ஏழு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. பள்ளியிலன்றித் தொழிற்களத்தே கற்றவரும் தம் அனுபவத்தைச் சோதனைக்கு உட்படுத்தித் தகைமை பெறுவதற்கு வழியுண்டு. பல கடைகளிற் சிறிது சிறிதாக வேலை செய்தவர், எங்கே, எவ்வளவு காலம், என்னென்ன செய்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கடைப்பொறுப்பாளரின் ஒப்பம் பெற்று வைத்தல் வேண்டும். துண்டுகளைத் தொடுத்தால் மாலையாகும்; தொடுக்காதவை உதிரிப் பூக்களாகவே வாடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொறி கைத்திறனை மாற்றுகின்றதேயன்றி முற்றாக அழிப்பதில்லை என்பதும், கற்கும் வேளையை வெட்டிவிடும் நேரசூசியே அழிவைச் செய்கின்றது என்பதும் பெறப்பட்டன.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் கடையுடையோரும், பெரிய அங்காடிகளிற் பொறுப்பு வகிப்போரும் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்கட்கு ஒரு வேண்டுகோள். எம் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தும்போது ஊதியத்தையும் சட்டப்படியான நிதியையும் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு சில மணி நேரமாவது, கூட்டமற்ற வேளையில், மூத்த ஊழியர் ஒருவரின் பக்கத்தில் அவர்களை நிறுத்துங்கள். பேரேட்டைத் திறந்து காட்டுங்கள். கொள்வனவுக்குச் செல்லும் நாளில் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவ்வேளைக்குக் கூலி கொடுப்பதை நட்டமென்று எழுதாது, முதலென்று எழுதுங்கள்.

கல்லூரி தந்த கல்வியை அடுத்த தலைமுறைக்கு அளந்து கொடுக்கும் கடமை பழைய மாணவருக்கு உண்டு. அவ்வளவை குறையாதிருப்பதாக!